நாட்டின் முதலிடப் பாட்டு எது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

புளியரைக்காரன்:
எங்கள் பக்கம் செங்கோட்டை பஸ்ஸில் தமிழ்ப் பாட்டு, ஆரியங்காவு தாண்டினால் மலையாளம். தேசிய அளவில் முதலிடம் என்று போடுகிறார்களே, அதை யார் கணக்கெடுக்கிறார்கள், நம்பலாமா?

தென்மலை அக்கா:
தம்பி, பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டியல் போடும் நிறுவனம் இசை நிறுவனங்களின் சங்கத்துக்கும் விற்பனையாளர்களின் சங்கத்துக்கும் பொதுவானது, அதனால் ஒரு தரப்பு மட்டும் விதியை வளைப்பது கடினம், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வெள்ளி முதல் வியாழன் வரை ஒரு வாரம். 2018 முதல், இணையத்தில் (ஸ்ட்ரீமிங்) ஒரு பாட்டைச் சந்தா கட்டி 100 தடவை கேட்டாலும் இலவசமாக 600 தடவை கேட்டாலும் ஒரு விற்பனை என்று கணக்கு.

கம்பம் ரசிகன்:
அக்கா சொன்னது சரி. 2017 மார்ச்சில் முதல் 20 இடங்களில் 16 பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் பாட்டு! அதே வருடம், முதன்மைக் கலைஞராக ஒருவருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று விதி வந்தது. நல்ல விதி, புதியவர்களும் மேலே வர வேண்டாமா?

புளியரைக்காரன்:
அப்புறம் நம் நாட்டில்?

தென்மலை அக்கா:
2021இல் ஐஎம்ஐ என்ற இசைத்துறைச் சங்கம் ஸ்ட்ரீமிங் கணக்கை வைத்து 20 பாட்டுப் பட்டியல் தொடங்கியது. ஆனால் அது வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு மட்டும், தமிழும் மலையாளமும் அதில் வராது.