புத்தாண்டில் ஆவிக்குரிய புதுப்பித்தல்: எதிலிருந்து தொடங்குவது?

நல்மேய்ச்சல் (கேள்வி)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

முழு வேதத்தையும் ஒரு வருஷத்தில் வாசிப்பது, அதிகாலையில் ஒரு மணி நேர ஜெபம், வாரம் ஒரு நாள் உபவாசம். இந்த மூன்றையும் ஜனவரி 1 அன்றே சேர்ந்தாற்போலத் தொடங்கி, பிப்ரவரி முடிவதற்குள் மூன்றையும் விட்டுவிடுவது பலருக்கும் நடக்கிறது. தீர்மானம் உண்மையாகத்தான் எடுக்கப்படுகிறது, ஆனாலும் நிற்பதில்லை.

அனல் தணிந்துபோன ஒரு விசுவாசி எந்த வரிசையில் தொடங்க வேண்டும்? வேத வாசிப்புக்கு எந்த அளவு சரி? உபவாசத்துக்குப் புதியவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? "இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், நாள்வாரியாகச் செய்யக்கூடியதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீதரோன்கரை

சகோதரரே, நீங்கள் எழுதிய மூன்றுமே புதிதாகச் சேர்க்கிற காரியங்கள். வேதத்தில் வருஷத்தின் முதல் நாளிலேயே தொடங்கிய ஒரு புதுப்பித்தல் இருக்கிறது. அது அப்புறப்படுத்துவதில் தொடங்கியது. 2 நாளாகமம் 29-ஐத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையைப் பாருங்கள்.

யூதாவின் ராஜா எசேக்கியா முதலில் ஆலயத்தின் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தான் (3). அடுத்து, என்னென்ன நின்றுபோயிற்று என்று வெளிப்படையாகச் சொன்னான்: மண்டபத்தின் கதவு பூட்டப்பட்டது, விளக்குகள் அணைந்தன, தூபமும் பலியும் நின்றன (7). பிறகு ஆசாரியர்கள் உள்ளே இருந்த அசுத்தத்தை எல்லாம் பிராகாரத்துக்குக் கொண்டுவர, லேவியர் அதைக் கீதரோன் ஆற்றுக்குச் சுமந்து போனார்கள் (16). இதற்கு 16 நாள் ஆயிற்று (17). பாவநிவாரண பலி அதற்குப் பிறகு, பாட்டு அதற்கும் பிறகு (27). நாம் பெரும்பாலும் பாட்டிலிருந்து தொடங்குகிறோம்.

ஆகவே முதல் வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மூன்று மாலைகளை ஒதுக்குங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதல் மாலை, நின்றுபோனவற்றை எழுதுங்கள். எது, ஏறக்குறைய எப்போது நின்றது, அந்த நேரத்தை இப்போது எது பிடித்திருக்கிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. குடும்ப ஜெபம் தானாக மறைவதில்லை, அது இருந்த நேரத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். வெளிப்படுத்தல் 2:5 கேட்பதும் இதே வரிசையைத்தான்: எங்கிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்.

இரண்டாம் மாலை, சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு யாத்திராகமம் 20-ஐயும் கொலோசெயர் 3:5-9-ஐயும் மெதுவாக வாசியுங்கள். உறுத்துகிற இடத்தில் நின்று பாவத்தை அதன் பெயரால் எழுதுங்கள். "என் குறைகளை மன்னியும்" என்று எழுதினால் மனசாட்சிக்குப் பிடி கிடைக்காது. "இன்னாரைப் பற்றி நான் சொன்னது பொய்" என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அடையாளம் இடுங்கள்: தேவனிடம் மட்டும் அறிக்கையிட வேண்டியது, ஒரு மனிதரிடம் போக வேண்டியது, வீட்டிலிருந்தோ போனிலிருந்தோ அகற்ற வேண்டியது.

மூன்றாம் மாலை அந்த அடையாளங்களின்படி செய்யுங்கள். பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால், லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 100 எடுத்திருந்தால் 120. சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகும்போது, பாவம் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரமே அறிக்கையும் போக வேண்டும். ஒருவருக்குத் தெரியாமலே அவர்மேல் மனதில் வைத்திருந்த கசப்பை அவரிடம் போய்க் கொட்டினால், நம் பாரம் இறங்கி அவர்மேல் ஏறும். அதைத் தேவனிடம் சொல்லுங்கள், பாரம் நீங்காவிட்டால் நம்பிக்கையான போதகரிடம் சொல்லுங்கள். "நீங்களும் அப்படிச் செய்ததால்தான்" என்ற சொல் வாயில் வந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டது வீண்.

ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். மென்மையான மனசாட்சி உள்ளவர்கள் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டதையே திரும்பத் திரும்பத் தோண்டுவார்கள். 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசித்து, தாளைக் கிழித்துப் போடுங்கள். கீதரோனுக்குப் போன குப்பையை யாரும் திரும்ப எடுத்து வரவில்லை.

நாளுக்குமூன்று

வேத வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பலருடைய ஓட்டம் நிற்கும் இடம் கணக்கிலேயே தெரிகிறது.

66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமத்தில் தொடங்கி இந்த வேகத்தில் போனால் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும் யாத்திராகமம் 25 ஜனவரி 23-ஐ ஒட்டி வரும். ஜனவரி 28-ல் யாத்திராகமம் முடியும், பிப்ரவரி 5 வரை லேவியராகமம், பிப்ரவரி 16 வரை எண்ணாகமம். முதல் ஊக்கம் தணியும் அதே வாரங்களில் மிகவும் கடினமான பகுதி வந்து நிற்கிறது. நின்றுபோனவர்கள் தங்கள் பக்தியைச் சந்தேகிக்கிறார்கள், ஆனால் சந்தேகிக்க வேண்டியது அட்டவணையை.

அனல் தணிந்த நிலையில் தொடங்குபவருக்கு நான் சொல்வது: ஜனவரியில் சங்கீதம் 119 மட்டும். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள், நாளுக்கு ஒன்று. அதை முடித்தபின் புதிய ஏற்பாடு, வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம். 260 அதிகாரங்களுக்குச் சரியாக 52 வாரம் ஆகும். மீதி இரண்டு நாளும் தவறியதைப் பிடிக்க. இந்த இரண்டு நாள் இடைவெளிதான் திட்டத்தைக் காப்பாற்றுகிறது.

வாசிப்பில் பழகியவர்களுக்கு ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-ல் தன் சபைக்காகத் தயாரித்த அட்டவணை இன்றும் நல்லது. நாளுக்கு நாலு அதிகாரம், வெவ்வேறு இடங்களிலிருந்து. வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் வரும். ஒரு பக்கம் லேவியராகமம் ஓடும்போது இன்னொரு பக்கம் சுவிசேஷமும் ஓடுவதால் வறட்சி தெரியாது.

தவறிய நாட்களை ஒரே நாளில் அள்ளி முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு வருஷத் திட்டத்தில் மூன்று நாள் பாக்கியிருந்தால் இன்றையதோடு சேர்த்து 13 அதிகாரம் ஆகும், அதை யாரும் தியானமாக வாசிக்க மாட்டார்கள். பாக்கியை விட்டுவிட்டு இன்றைய பகுதிக்கு வாருங்கள். வாசித்து முடித்ததும் ஒரு வசனத்தை மட்டும் எடுத்து, அதன் சொற்களையே வைத்து இரண்டு மூன்று வாக்கியம் ஜெபியுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

கலாத்தியர்நாலு

"நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் வருத்தப்படுகிறார் (கலா. 4:10). ஜனவரி 1-க்கு வேதத்தில் எந்த விசேஷமும் இல்லை. கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று எழுதியிருக்க, வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல் எதற்கு?

கீதரோன்கரை

நியாயமான எச்சரிப்பு. நாளுக்குப் புண்ணியம் கற்பித்தால் அது கலாத்தியர் விழுந்த குழிதான். ஆனால் நின்று கணக்குப் பார்க்க ஒரு தேதியைப் பயன்படுத்துவது வேறு. மெதடிஸ்ட் சபைகள் புத்தாண்டை ஒட்டி நடத்தும் உடன்படிக்கை ஆராதனையை ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் முதலில் நடத்தியது ஆகஸ்டு மாதத்தில். புத்தாண்டோடு சேர்ந்தது பிற்பாடு. ஜூலையில் இதை வாசிக்கிறவர் ஜூலையிலேயே தொடங்கலாம்.

2 கொரிந்தியர் 4:16-ல் உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்று இருப்பதையும் கவனியுங்கள். கிரேக்க மூலத்திலும் அது செயப்பாட்டு வினை, நடந்துகொண்டே இருக்கும் நிகழ்காலம். புதிதாக்குகிறவர் தேவன். கதவைத் திறந்து வைப்பது நம் பங்கு.

சூரைச்செடி

எல்லா வறட்சிக்கும் பாவம் காரணம் அல்ல, இதைச் சொல்லியாக வேண்டும். 1 இராஜாக்கள் 19-ல் சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியாவை தேவன் உடனே கேள்வி கேட்கவில்லை. தூங்கினான், அப்பமும் தண்ணீரும் கிடைத்தது, மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலையில்தான் வந்தது. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஓடுகிறவர் அதில் இன்னும் ஒரு மணியை வெட்டி அதிகாலை ஜெபம் தொடங்கினால், இரண்டாம் வாரமே முழங்காலில் தூங்குவார். எழும் நேரத்தை மாற்றுவதற்குமுன் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள். வாரத்துக்கு 15 நிமிஷம் முன்னதாக நகர்த்தினால் நாலு வாரத்தில் ஒரு மணி கிடைத்துவிடும். சோர்வும் தூக்கமின்மையும் எதிலும் விருப்பமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

உபவாசம்: முதல் மாதத்தில் வாரம் ஒரு வேளை மட்டும் விடுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காபி, டீ பழக்கம் உள்ளவர்களுக்கு அன்று வரும் தலைவலி பெரும்பாலும் அது நின்றதால் வருவது. மூன்று நாலு நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்துவந்தால் தலைவலியோடு போராடாமல் ஜெபிக்க முடியும். முடிக்கும்போது சிறிதளவு, இலகுவான உணவு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவைப் பற்றிய மனநோயிலிருந்து மீண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்கள் உணவுக்குப் பதிலாக ஒரு நாள் திரையை விடலாம்.

சாப்பிடாமல் மிச்சமான அந்த அரை மணியை ஜெபத்துக்குக் கொடுக்காவிட்டால் வயிறு காய்ந்தது மட்டுமே மிச்சம். மிச்சமான உணவு பசித்தவனுக்குப் போக வேண்டும் என்கிறது ஏசாயா 58:7.

நல்மேய்ச்சல்

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். தீர்மானத்தைப் பொருத்தனையாக, அதாவது தேவனுக்கு நேர்ந்துகொள்வதாக, எழுதிக் கையெழுத்திடலாமா? வருஷத்துக்கென்று ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது சரியா?

மதில்வாசல்

வசனம் எடுப்பதில் தவறில்லை, ஆனால் அதன் அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு எடுங்கள். எரேமியா 29:11-ஐ எடுப்பவர்கள் பத்தாம் வசனத்தையும் படிக்க வேண்டும். சமாதானத்துக்கேதுவான அந்த நினைவுகள் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறியபின் திரும்பி வரப்போகிற ஜனங்களுக்குச் சொல்லப்பட்டவை. டிசம்பருக்குள் எல்லாம் கூடிவரும் என்று அதிலிருந்து எடுத்தால், வசனத்தின்மேல் இல்லாத பாரத்தை ஏற்றுகிறோம்.

பொருத்தனை பற்றி பிரசங்கி 5:5 கண்டிப்பாக இருக்கிறது: நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம். ஆகவே பொருத்தனை என்று சொல்லாமல் தீர்மானம் என்று எழுதுங்கள். அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1722-லும் 1723-லும் எழுதிய 70 தீர்மானங்களின் தலைப்பிலேயே, தேவனுடைய உதவியில்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதிவைத்தார். வாரம் ஒரு முறை அவற்றை வாசிக்க வேண்டும் என்றும் தனக்கே குறித்துக்கொண்டார். உங்களுக்கு 70 வேண்டாம், மூன்று போதும். ஆனால் அந்த வாராந்தர வாசிப்பை விட்டுவிடாதீர்கள்.

எழுதிக் கையெழுத்திட்டும் எப்படி உடையும் என்பதை நெகேமியா 10-ஐயும் 13-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். பத்தாம் அதிகாரத்தில் முத்திரை போட்டு உறுதி பண்ணினார்கள்: கலப்புமணம் இல்லை, ஓய்வுநாளில் வாங்குவதில்லை, ஆலயத்தைக் கைவிடுவதில்லை. பதின்மூன்றில் நெகேமியா ராஜாவிடம் போய்த் திரும்பி வருவதற்குள் மூன்றுமே உடைந்து கிடக்கின்றன. தொடக்கம் ஓர் அறை. காணிக்கைகளும் பணிமுட்டுகளும் தசமபாகமும் இருந்த பெரிய அறையை ஆசாரியன் எலியாசிப், எருசலேமின் மதிலைக் கட்டவிடாமல் எதிர்த்த தொபியாவுக்குக் கொடுத்துவிட்டான். லேவியருக்குப் பங்கு போகவில்லை, அவர்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள், ஆலயப் பணி நின்றது.

நெகேமியா புதிய உடன்படிக்கை எதுவும் எழுதவில்லை. தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அறையைச் சுத்திகரித்தார், பணிமுட்டுகளைத் திரும்ப வைத்தார், அதற்குப் பொறுப்பாளர்களை நியமித்தார். ஓய்வுநாளுக்கு முந்தின மாலை மயங்கும்போதே வாசல் கதவுகளைப் பூட்டச் சொன்னார். காலையில் வியாபாரி வந்து நின்றபின் பூட்டினால் தாமதம். காலைத் தியானத்துக்கு இது அப்படியே பொருந்தும். போனை முந்தின இரவே வேறு அறையில் சார்ஜில் போடுங்கள், எழுப்ப ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள், வேதத்தை நாளை வாசிக்கும் பக்கத்தில் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படுங்கள். பொறுப்பாளரும் வேண்டும்: அதே பாலினத்தில் ஒரு விசுவாசி, வாரம் ஒரு நாள், பத்து நிமிஷம். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை நாள் வாசித்தீர்கள், எந்த நாள் தவறியது, அந்த நேரம் எங்கே போயிற்று" என்று அவர் கேட்க வேண்டும்.

மேலே கீதரோன்கரை சொன்ன 16 நாளில் ஒரு செய்தி விட்டுப்போயிற்று. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் தேதி முதல் மாதம் 14. சுத்திகரிப்பு முடிந்தது 16-ல், அதாவது தேதி தவறிவிட்டது. எசேக்கியா அடுத்த வருஷம் வரை காத்திருக்கவில்லை. எண்ணாகமம் 9:10-11 தீட்டுப்பட்டவனுக்கும் தூரப் பிரயாணம் போனவனுக்கும் இரண்டாம் மாதம் 14-ஐக் கொடுத்திருந்தது. அந்த நாளில் ஆசரித்தார்கள் (2 நாளா. 30). ஆகவே பிப்ரவரி நடுவில் ஒரு மாலையை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று மூன்று தீர்மானங்களையும் எடுத்துப் பாருங்கள். நின்றுபோனதை அளவைப் பாதியாக்கி மறுநாள் காலையே தொடங்குங்கள்.