எலிஃப் வரிசை நீண்டுகொண்டே போகிறது, எப்படிச் சுருக்குவது?

கேள்வி:
பைத்தானில் ஒரு புரோகிராம். வெளியிலிருந்து செய்தி வரும், அதன் வகையைப் பார்த்து வேலை நடக்க வேண்டும். சேர், நீக்கு, திருத்து, தேடு என்று ஆரம்பத்தில் நாலுதான் இருந்தது, இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. வகைக்கு ஒரு எலிஃப் (elif, 'இல்லையென்றால் இதுவா?' என்று பார்க்கும் கிளை), ஒவ்வொன்றுக்குள்ளும் லாகின் செய்தவரா, அனுமதி இருக்கிறதா, டேட்டா காலியா என்று இன்னும் மூன்று இஃப். அதே ஃபைலில் மதிப்பெண்ணைப் பார்த்து கிரேடு போடும் எலிஃப் வரிசை ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் மேட்ச் கேஸுக்கு (match/case, ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு பொருத்திப் பார்ப்பது) மாற்றிவிட்டால் போதுமா?

பதில்:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முப்பது எலிஃபும் ஒரே வேரியபிளை எடுத்து 'இதுவா, இதுவா' என்று மட்டும் கேட்கின்றன என்றால் அங்கே இருப்பது லாஜிக்கே இல்லை, ஒரு அட்டவணை. அதை அட்டவணையாகவே எழுதுங்கள். ஒவ்வொரு கிளையின் வேலையையும் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, டிக்ஷனரியில் செய்தியின் வகையைக் கீயாகவும் ஃபங்ஷனின் பெயரை வேல்யூவாகவும் போட வேண்டும். பெயர் மட்டும்தான், பின்னால் அடைப்புக்குறி கூடாது. போட்டால் டிக்ஷனரி உருவாகும்போதே ஃபங்ஷன் ஓடத் தொடங்கிவிடும், 'நீக்கு' உட்பட! எல்லா ஃபங்ஷனும் ஒரே ஆர்க்யுமென்ட்களை வாங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூப்பிடும் இடத்தில் மறுபடி இஃப் முளைக்கும்.

கேட்டவர்:
சரி, புரிகிறது. ஆனால் தெரியாத வகை வந்தால்? இப்போது கடைசி எல்ஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது.

பதில்:
சதுர அடைப்புக்குறியில் எடுத்தால் 'அந்தக் கீ இல்லை' என்று கீஎரர் வரும். கெட் மெத்தடில் எடுத்து, இரண்டாவது ஆர்க்யுமென்டாக 'தெரியாத வகை' என்று ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள், பழைய எல்ஸின் வேலை அங்கே போய்விடும்.

உள்ளே இருக்கும் அந்த மூன்று இஃப் வேறு சங்கதி. அவற்றுக்கு நிபந்தனையைத் திருப்பிப் போட வேண்டும். 'லாகின் செய்திருந்தால்' என்று உள்ளே நுழைந்து, அதற்குள் 'அனுமதி இருந்தால்' என்று இன்னும் உள்ளே போவதற்குப் பதிலாக, லாகின் இல்லையா, இங்கேயே ரிட்டர்ன். அனுமதி இல்லையா, ரிட்டர்ன். டேட்டா காலியா, ரிட்டர்ன். அப்புறம் உண்மையான வேலை எந்தக் கூடுதல் இன்டென்ட்டும் இல்லாமல் நேராக வரும். வரிசையை மட்டும் கலைக்காதீர்கள், யூசரே None ஆக (யாருமே இல்லை என்று) இருக்கும்போது அவருடைய அனுமதியைக் கேட்டால் அங்கேயே எரர். முப்பது வகைக்கும் இதே மூன்று சோதனைதான் என்றால் டிக்ஷனரியைத் தொடுவதற்கு முன்பே ஒரு தடவை எழுதினால் போதும். வகைக்கு வகை அனுமதி மாறுகிறதா? வேல்யூவில் ஃபங்ஷனோடு தேவைப்படும் அனுமதியையும் சேர்த்து டப்பிளாக (tuple, ஒன்றாகக் கட்டிய ஜோடி) வையுங்கள்.

இன்னொருவர்:
மேட்ச் பற்றி. 2021-இல் 3.10 பதிப்பில்தான் வந்தது, பழைய பதிப்பில் ஓடாது. அதுவும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத்தான் பார்த்துக்கொண்டு போகும், எனவே வேகத்துக்காக மாற வேண்டியதில்லை. செய்தியின் வடிவமே மாறும்போதுதான் அதன் அருமை தெரியும்: ஒன்றில் இரண்டு ஃபீல்டு, இன்னொன்றில் உள்ளே ஒரு லிஸ்ட் என்று வந்தால் சோதிப்பதும் பிரித்தெடுப்பதும் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு பொறி உண்டு. கேஸில் மாறிலியின் பெயரை வெறுமனே எழுதினால் அது ஒப்பிடாது, வந்த மதிப்பை அந்தப் பெயரில் போட்டுக்கொண்டு 'பொருந்திவிட்டது' என்று போய்விடும். நடுவில் எழுதினால் சின்டாக்ஸ் எரர் காட்டிக்கொடுக்கும், கடைசி கேஸாக இருந்தால் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கும். கிளாஸ் பெயர், புள்ளி, மாறிலி என்று எழுதினால்தான் ஒப்பிடும்.

கேட்டவர்:
கிரேடு வரிசைக்கு?

பதில்:
அது எல்லைகளின் பட்டியல். 35, 50, 60, 75, 90 என்று ஏறுவரிசையில் ஒரு லிஸ்ட், கிரேடுகள் இன்னொரு லிஸ்ட். ஐந்து எல்லைக்கு ஆறு கிரேடு வேண்டும். பைசெக்ட் மாட்யூலில் உள்ள பைசெக்ட் ஃபங்ஷனிடம் எல்லை லிஸ்ட்டையும் மதிப்பெண்ணையும் கொடுத்தால் எந்த இன்டெக்ஸ் என்று சொல்லிவிடும். சரியாக 35 எடுத்தவர் மேல் கிரேடில் விழுவார். கீழே விழ வேண்டுமென்றால் பைசெக்ட் லெஃப்ட். இந்த எல்லை மதிப்புகளுக்கு மட்டுமாவது பழைய கோடை ஓட்டி விடைகளைக் குறித்துக்கொண்டு, அப்புறம் மாற்றுங்கள். இரண்டு மூன்று கிளை மட்டுமே உள்ள இஃப்களை அப்படியே விட்டுவிடலாம், அவை படிக்கச் சுலபமாகத்தான் இருக்கின்றன.