ஜெர்மனியில் புதிய வேலை: பிசினஸ் ஒன் மெனு சிலருக்கு மட்டும் தெரியவில்லை

ஸ்டுட்கார்ட்டிலிருந்து (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். அண்மையில் இங்கு குடிபெயர்ந்து, ஓர் உற்பத்தி நிறுவனத்தில் எஸ்ஏபி பிசினஸ் ஒன் என்ற வணிக நிர்வாக மென்பொருளைப் (விற்பனை, கிடங்கு, கணக்கு) பராமரிக்கும் பொறுப்பில் சேர்ந்திருக்கிறேன். தர ஆய்வுக்கென உருவாக்கப்பட்ட படிவத்துக்கு முதன்மை மெனுவில் ஓர் இடம் உண்டு. என் திரையில் அது தெரிகிறது. ஜெர்மன் சக ஊழியர்களின் திரையில் தெரியவில்லை. மாத இறுதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை, குடும்பத்தின் விசா விண்ணப்பமும் நிலுவையில் இருக்கிறது. தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மியூனிக்கிலிருந்து:
தம்பி, உங்கள் பதற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் வந்த புதிதில் திரை முழுவதும் ஜெர்மனில் இருந்தது; கிடங்கில் ஒருவர் அருகில் நின்று கேள்வி கேட்கும்போது எந்த மெனுவுக்குள் போவது என்று தெரியாமல் தவித்த அந்தக் குளிர்காலத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. பொது அமைப்புகளில் டிஸ்ப்ளே பக்கத்துக்குச் சென்று உங்கள் மொழியை ஆங்கிலமாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டை நிம்மதியாகக் கடக்க அதுவே வழி.

ஹாம்பர்க்கிலிருந்து:
மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. பயனர்கள் ஜெர்மனில் வேலை செய்யும்போது பராமரிப்பவர் ஆங்கிலத்தில் இருந்தால், அவர்கள் காணும் சிக்கலை அவரால் காணவே முடியாது. மெனுவின் பெயரை நம்பாமல் எண்ணை நம்பிப் பழகுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் இயங்கத் தொடங்கும். சுட்டியை ஒரு கட்டத்தின் மேல் வைத்தால் படிவம், கட்டம், நெடுவரிசை ஆகியவற்றின் எண்கள் திரையின் அடியில் தெரியும். விற்பனை ஆணை 139, விற்பனை இன்வாய்ஸ் 133, வணிகப் பங்காளர் 134, பொருள் விவரம் 150. எந்த மொழியில் திறந்தாலும் இவை மாறுவதில்லை.

பெர்லினிலிருந்து:
எண்களைக் கற்பது சரிதான், ஆனால் நிறுவனமே உருவாக்கிய படிவங்களின் எண்களை யார் எழுதி வைக்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் முந்தைய ஆலோசகர் ஒரு பக்கக் குறிப்பும் இல்லாமல் போய்விட்டார். புதிதாக வந்து சேர்பவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராங்ஃபர்ட்டிலிருந்து:
உண்மை. நிரல் எழுதும் குழு சென்னையில் இருந்தால் அது இன்னொரு சுமை. குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வேறுபாடு. இங்கு பிற்பகல் 2 மணிக்குச் சிக்கல் எழுந்தால் அங்கு மாலை 6.30 ஆகிவிடுகிறது. மறுநாள் வரை காத்திருக்கும் போது இங்குள்ள மேலாளரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

மான்ஹைமிலிருந்து:
நண்பர்களே, கேட்டவருக்குக் கெடு இருக்கிறது; அவருடைய கேள்விக்குத் திரும்புவோம். தம்பி, அந்த மெனு எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை நீங்கள் சொல்லவில்லை. மென்பொருளிலேயே உள்ள ஆப்ஜெக்ட் பதிவு விசார்டில் (படிப்படியாகப் படிவம் உருவாக்க உதவும் கருவி) உருவாக்கியதா, ஆட்-ஆன் நிரல் (தனியாக எழுதி மென்பொருளோடு இணைப்பது) சேர்ப்பதா? இரண்டாவது என்றால், ஆட்-ஆன் நிர்வாகத் திரையில் அந்தப் பயனர்களுக்கு அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, முதன்மை மெனுவின் படிவ அமைப்புகளில் அந்த வரி மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் அந்த அமைப்பு பயனருக்குப் பயனர் வேறுபடும். மெனு தெரிந்தும் படிவம் திறக்கவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். கூடுதல் அனுமதி உருவாக்கும் திரையில் அந்தப் படிவத்தின் வகை அடையாளம் பதியப்பட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் நிரலைத் திறந்து பார்க்க வேண்டும். தாய் மெனுவை, அதாவது புதிய வரி எதன் கீழ் சேர வேண்டுமோ அந்த மெனுவை, அதன் பெயரால் தேடும் நிரல், ஆங்கிலத்தில் இயங்கி ஜெர்மனில் தோற்கும்; எல்லாப் பிரிவுகளையும் கொண்ட மாட்யூல்ஸ் மெனுவின் அடையாளமான 43520 என்ற எண்ணால் தேடினால் இரண்டிலும் இயங்கும். மேலும், வேலையின் நடுவே ஒருவர் மொழியை மாற்றினால் மென்பொருள் மெனுவை மீண்டும் கட்டமைக்கிறது, அப்போது ஆட்-ஆன் சேர்த்த வரிகள் போய்விடுகின்றன. மொழி மாறிய நிகழ்வைக் கவனித்து அவற்றைத் திரும்பச் சேர்ப்பது நிரலின் பொறுப்பு. அவர்கள் மொழியை மாற்றிய பிறகுதான் மெனு மறைகிறதா, புதிதாக உள்நுழையும்போதே இல்லையா?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:
மிக்க நன்றி அக்கா. ஆட்-ஆன் நிரல்தான். காலையில் உள்நுழையும்போது ஆங்கிலத்தில் மெனு இருக்கிறது. ஜெர்மனுக்கு மாற்றியதும் மறைகிறது என்று இப்போதுதான் கேட்டறிந்தேன்.

மான்ஹைமிலிருந்து:
அப்படியானால் காரணம் பெரும்பாலும் அதுதான். அவர்கள் மொழியை மாற்றிய பின் வெளியேறி மீண்டும் ஜெர்மனிலேயே உள்நுழையட்டும். மெனு வந்துவிட்டால் மாத இறுதி வரை அது போதும். வராவிட்டால் பெயரால் தேடும் வரியும் இருக்கிறது என்று பொருள். நிரலைத் திருத்தும்போது, மெனு ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதித்த பிறகே சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே அடையாளத்தை இருமுறை சேர்த்தால் பிழை வரும். நிறுவனத்துக்கென ஒரு முன்னொட்டை அந்த அடையாளத்தில் வைத்தால் பிற ஆட்-ஆன்களோடு மோதாது. முதலில் சோதனைத் தரவுத்தளத்தில் முயன்று பாருங்கள். காரணத்தையும் தற்காலிக வழியையும் இன்றே மேலாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.