பள்ளு பாடினால் தமிழ்த்துறைக்குப் போ என்கிறார்கள்!

பொருநைக்கரையான்:
நம்ம பக்கத்து வரலாற்றுத்துறை ஒன்றில் நடந்தது, பேர் வேண்டாம். ஒரு பெண், உழவர் பாட்டைப் பாடும் பழைய பள்ளு நூலான முக்கூடற்பள்ளுவை வைத்து முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறாள். "இது கற்பனை, தமிழ்த்துறைக்குக் கொண்டு போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிகிறது. சீவலப்பேரியில் ஆறுகள் கூடுகிற இடத்தின் வெள்ளம், மீன், நெல்வகை, மாட்டுவகை எல்லாம் அந்த நூலில் கிடக்கிறது. பண்ணைக்காரன் உழவனைத் தொழுவில், அதாவது காலைப் பூட்டி வைக்கிற தண்டனைக் கட்டையில், மாட்டிப் போடுகிறான். பண்ணையாள் பட்ட பாட்டை எந்த ராஜா கல்லில் வெட்டி வைத்தான்?

கல்வெட்டுப்பித்தன்:
துறை செய்தது சரி. பள்ளு என்றாலே இரண்டு பெண்டாட்டி சண்டை, தொழு, விடுதலை என்று ஒரே அச்சு. எழுதியவர் பேர் கிடையாது. புலவர் அடுக்குகிற நெல் எல்லாம் அந்த வயலில் விளைந்ததா, எதுகைக்காக விளைந்ததா? கல்வெட்டும் வரிக்கணக்கும் இருக்கும்போது பாட்டு எதற்கு?

முக்கூடல் மைந்தன்:
வரலாறு கிடக்கட்டும். சீவலப்பேரி எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர் முக்கூடல், அந்தப் பேரிலேயே பள்ளு இருக்கிறது. ஜங்ஷனில் நின்று பஸ் போர்டைப் பாரும்.

பொருநைக்கரையான்:
பஸ் போர்டு ஆதாரமா! உம்ம ஊர் பீடிக்கும் முத்துமாலை அம்மனுக்கும் பேர்போனது, மறுக்கவில்லை. ஆனால் நூலில் மூத்தவள் ஊர் முக்கூடல், இளையவள் ஊர் மருதூர். வடகரை ஆசூர் நாடு, தென்கரை சீவலமங்கை நாடு என்று புலவர் பிரித்தே சொல்கிறார். சிற்றாறு தாமிரபரணியில் சேருவது சீவலப்பேரிப் பக்கம். கொஞ்சம் கீழே போனால் மருதூர் அணைக்கட்டு. இன்னும் என்ன வேண்டும்?

முக்கூடல் மைந்தன்:
மருதூர் உமக்கு மட்டும்தான் இருக்கிறதோ? எங்களுக்கு மேலே திருப்புடைமருதூர். அங்கே கடனாநதி தாமிரபரணியில் கலக்கிறது. ஆறும் இருக்கிறது, மருதூரும் இருக்கிறது, ஊர்ப்பேரும் இருக்கிறது. அண்ணாச்சி இப்போது என்ன சொல்லுதீர்?

பாளை வாசகி:
தலைப்பு வேறு இல்லையா? இலக்கியத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க நம் ஊரிலேயே ஆள் இருந்தார். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை. கட்டபொம்மன் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார், 'ஆராய்ச்சி' இதழ் நடத்தினார். பாட்டில் நடந்தது எது, சனங்கள் சேர்த்தது எது, ஏன் சேர்த்தார்கள் என்று பார்ப்பதுதானே ஆய்வு? அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டிருக்கலாம்.

கல்வெட்டுப்பித்தன்:
நா.வா. பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தியவர். எந்த வரலாற்றுத்துறையில் பேராசிரியர்? கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினபோது கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களைத்தான் பெரும்பாலும் நம்பினார்.

பொருநைக்கரையான்:
ஆகா! 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டவனே எழுதிய கடிதம் சரித்திரம், பார்த்து அழுத ஊர்க்காரன் பாட்டு கற்பனை. கம்பெனிக்காரன் சத்தியவான், அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு! டுடோரியல் நடத்தியவர் செய்ததில் காலே அரைக்கால் பங்கு உம்ம துறைகள் செய்யட்டும், அப்புறம் பேசும். கொற்கை பற்றிப் பேசினபோதும் இப்படித்தான் நடுவில் எழுந்து போனீர், மறக்கவில்லை. சங்கப்பாட்டு கொற்கை முத்தைப் பாடாவிட்டால் அங்கே தோண்டவே யாருக்கும் தோன்றியிருக்குமா?

கல்வெட்டுப்பித்தன்:
நான் எழுந்து போகவில்லை, மின்சாரம் போனது. தோண்டினால்தான் ஆதாரம் என்று நீரே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கோவில்பட்டி கோமான்:
ஒரு திருத்தம். கயத்தாறும் கொற்கையும் தூத்துக்குடி மாவட்டம். பிரிந்து வந்தது 1986இல். இன்னும் 'நம்ம பக்கம்' என்று சொந்தம் கொண்டாடாதீர்கள்.

பொருநைக்கரையான்:
வந்துட்டாரய்யா தாசில்தார்! கட்டபொம்மன் காலத்தில் உம்ம மாவட்டம் எங்கே இருந்தது?

கோவில்பட்டி கோமான்:
அதே கேள்வியை உம்ம மாவட்டத்துக்கும் கேளும்.

பாளை வாசகி:
அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா? தலைப்பை மாற்றிக்கொண்டாளா?

முக்கூடல் மைந்தன்:
தாயி, அது அப்புறம். முதலில் மூன்றாவது ஆறு எங்கே என்று அண்ணாச்சி சொல்லட்டும். தாமிரபரணி ஒன்று, சிற்றாறு இரண்டு. மூன்று?

பொருநைக்கரையான்:
கோதண்டராம நதி. உரைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், எடுத்துப் படியும். மாட்டேன் என்றால் சவத்த விடும், நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: ஆசூர் வடகரை, சீவலமங்கைத் தென்கரை. உம்ம ஊரில் சீவலமங்கை எங்கே? நூல் சொல்கிற நாட்டுப் பேரும் நிலமும் பொருந்துகிறது. இப்படிப் பொருத்திப் பார்ப்பதற்குப் பேர்தான் வரலாறு, பித்தன் சாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்வெட்டுப்பித்தன்:
ஊரைக் கண்டுபிடித்தால் தொழுவில் மாட்டினது நடந்ததாகிவிடுமா? ஊர் உண்மை என்பதால் கதையும் உண்மை என்றால் எல்லாத் தலபுராணமும் வரலாறுதான். கொண்டாடுங்கள்.

பொருநைக்கரையான்:
தொழு இல்லாத ஊரில் தொழுவைப் பற்றிப் பாடினால் கேட்கிறவன் சிரிப்பானா மாட்டானா? பள்ளுக்குப் பள்ளு அதே தண்டனை வருகிறதென்றால், அது புலவர்கள் பழக்கமா, பண்ணைகள் பழக்கமா? ஆய்வுக்கு இதைவிட நல்ல கேள்வி உண்டா? அதைத்தான் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
கேள்வி நல்லது. பதிலுக்கு ஒரு ஓலையாவது, ஒரு கணக்காவது காட்டச் சொல்லும்.

முக்கூடல் மைந்தன்:
கடனாநதிக்குப் பதில் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், பதில் வரவில்லை.

பொருநைக்கரையான்:
சீவலமங்கைக்கு உம்மிடமிருந்து வந்ததா?