காசு விஷயத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரி:
இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடி நேரம். செட்டியார் தெருப் பக்கம் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் வரிசை படி வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் ஒரு அம்மா, வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பிக்க வந்தவர். கொண்டுவந்த காசு வட்டிக்கே காணவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை தொகையைச் சொன்னதும், ஒன்றும் பேசாமல் காதில் கையை வைத்துத் தோட்டின் சுரையைத் திருகத் தொடங்கினார். அது இறுகிப்போய் வரவே இல்லை. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் அவருக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். என்னைக் குடைவது வேறு விஷயம். மூன்று நகையையும் ஒரே அடகுத் துண்டில், அதாவது ஒரே ரசீதில், வைத்திருந்தார். முழுத் தொகையும் கட்டாமல் ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியாது. தனித்தனித் துண்டாக வைத்திருந்தால் ஒன்றை மீட்டு விற்று, மற்ற இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம். அடகு வைக்கிற நேரத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வெள்ளவத்தைவாசி:
அக்கா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு நகையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. வங்கியில் ரூபாயாக வைத்திருந்தவர்களின் காசு கண்முன்னால் கரைந்தது. என் பெரியம்மாவின் பவுண் கரையவில்லை.

ஆனால் அதை விற்கப் போன அன்று நானும் கூடப் போனேன். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைத்தார், பிறகு பதக்கத்தின் கல்லுக்கு என்று ஒரு தொகை கழித்தார், பற்றுக்கு, அதாவது நகையை ஒட்டப் பயன்படுத்திய உலோகத்துக்கு என்று இன்னொரு தொகை. வாங்கிய நாளில் கல்லையும் சேர்த்துப் பவுண் விலைக்கு நிறுத்திருக்கிறார்கள். செய்கூலி எப்படியும் திரும்பி வராது. பெரியம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். காசுக்காகத் தங்கம் வாங்குகிறவர் கல் வைக்காத, வேலைப்பாடு குறைந்த நகையாக, இல்லையென்றால் பவுண் காசாக வாங்க வேண்டும்.

புறக்கோட்டை வேலையாள்:
நகை இருக்கிறவர்களின் கதை அது. நான் எங்கள் வரிசைக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். 55 வயதானதும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போனார். துணைக்கு நான். சம்பளத்தில் மாதாமாதம் 8 சதவீதம் வெட்டியிருக்கிறார்கள். முதலாளி 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், அதுவும் முதலாளியின் கையிலிருந்து. கணக்கைப் பார்த்த உத்தியோகத்தர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுவில் பல வருஷங்களுக்கு ஒன்றுமே இல்லை.

அண்ணன் பையிலிருந்து சம்பளத் துண்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். றப்பர் பட்டி போட்டு, வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். முறைப்பாடு எழுத அதுதான் கை கொடுத்தது. அந்தத் துண்டுகள் இல்லாத எத்தனை பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள் என்று நினைத்தால் நித்திரை வராது. சம்பளத் துண்டை எறியாதீர்கள். கணக்கில் காசு விழுகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள்.

தெஹிவளை கணக்குப்பிள்ளை:
எங்கள் அலுவலகத்தில் சீட்டுப் பிடித்தவர் நடுவில் வேலையை விட்டுப் போய்விட்டார். கடைசியாக எடுக்கலாம் என்று காத்திருந்த பெண் மகளின் பாடசாலைச் செலவுக்கு நம்பியிருந்தவர். அவர் அழவில்லை, மேசை லாச்சியை மட்டும் திறந்து திறந்து மூடினார். அவ்வளவுதான் என் சம்பவம்.

ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை அண்ணா, டொலர் ஏறிய கதையைச் சொன்னீர்கள், அதே 2022இல் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். எல்லாவற்றையும் தங்கத்தில் போடுவது புத்தியில்லை. அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு கையில் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பவுண், வைப்பு எல்லாம். சம்பளம் விழுந்த மறுநாளே ஒரு தொகை வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் கடனட்டை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்கள் 2022இல் வட்டி எவ்வளவு ஏறியது என்று பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள், 30 சதவீதத்தைத் தாண்டிய வங்கிகள் இருந்தன. நிதி நிறுவனத்தில் வைப்புப் போடுகிறவர்கள் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைக்கும்தான். அதற்கு மேல் இருந்தால் பிரித்துப் போடுங்கள்.

பம்பலப்பிட்டி ஆசிரியை:
கணக்குப்பிள்ளை அண்ணா, சீட்டில் ஏமாந்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். 11 லட்சத்தைப் பிரித்துப் போடுகிற நிலையில் அவர் இருந்திருக்க மாட்டார். இன்னொன்று, தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு, அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் மாடிவீட்டில் வேலை செய்யும் தங்கச்சி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சம்பளத்தில் பாதியை என்னிடம் தந்து, "டீச்சர், நீங்களே வச்சிருங்க, கையில இருந்தா தம்பி கேட்பான்" என்றாள். அது சரியில்லை என்று வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தில் முகவரி எழுதும் இடத்தில் பேனை நின்றுவிட்டது. அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, இலக்கம் கிடையாது. இங்கே தங்கியிருப்பது இன்னொருவர் வீட்டில், அவள் பெயரில் தண்ணீர் பில்லோ மின்சார பில்லோ இல்லை. "நிரந்தரமா எங்க இருக்கீங்க?" என்று அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு கிராம சேவகரின் கடிதம் எடுத்து, கணக்குத் திறந்து, புத்தகமும் வந்துவிட்டது. இப்போது மாதாமாதம் அவளே போய்ப் போடுகிறாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது புத்தகத்தைக் கொண்டுபோவதா, இங்கேயே வைத்துவிட்டுப் போவதா என்று கேட்கிறாள். தம்பி கெட்டவன் இல்லை, அங்கேயும் கஷ்டம். இப்படி வீட்டுக்கும் கொடுத்துத் தனக்கும் வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள், அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.