சிங்கிள்ஸ்பீடு மவுண்டன் பைக்குக்கு நீடித்து உழைக்கும் செயின்ரிங் எது?

வணக்கம் நண்பர்களே. என் சிங்கிள்ஸ்பீடு வண்டியில் 32 பல் அலுமினிய செயின்ரிங் (பெடலோடு சுழலும் முன் பல்சக்கரம்) இருக்கிறது. நேற்று துடைக்கும்போது பார்த்தேன், பற்கள் அரிவாள் முனை மாதிரி ஒரு பக்கமாக வளைந்து கூராகிவிட்டன. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் பல்லின் மேல் ஏறி ‘டக்’கென்று நழுவுகிறது. கியர் இல்லாத வண்டி, மொத்த பாரமும் எப்போதும் அதே பற்களின் மேல்தான். சேறும் மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) நான்கு போல்ட், 104 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்). எடை கூடினாலும் பரவாயில்லை என்று ஸ்டீலுக்கே போய்விடலாமா? இல்லை, தடித்த 7075 ரக அலுமினியக் கலவையே போதுமா? செயின்லைன் (முன் பல்சக்கரத்திலிருந்து பின்னதுக்குச் செயின் போகும் கோடு) நேராக இருக்கிறது, அதனால் நேரோ-வைடு பற்கள் (செயின் கழலாமல் இருக்க ஒன்றுவிட்டு ஒன்று குறுகலாகவும் அகலமாகவும் இருப்பவை) தேவைப்படாது என்று நினைக்கிறேன், சரிதானே? செயினையும் பின் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றப்போகிறேன். பழைய செயின் புதுப் பற்களைத் தின்றுவிடும். சேற்றில் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உங்களுக்கு எது தாங்கியது என்று சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.