மறு: [கலைச்சொல்] காய்ந்த கழுந்து, பச்சைக் கால்: இந்த மூட்டுக்கு என்ன பெயர்?

பெரம்பூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மரக்கிளையைப் பலகையாக அறுக்காமல் உருட்டாகவே வைத்து, கைக்கருவிகளால் முக்காலி, ஸ்டூல், நாற்காலி செய்யும் முறைக்குத் தமிழில் ஒரு பட்டறைக் கையேடு தயாராகிறது. பாதிச் சொற்களைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. உளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, ரம்பம், தமர் (துளையிடும் கருவி), ஆப்பு எல்லாம் இருக்கின்றன. கிளைக்கும் பஞ்சமில்லை: கைக்கு அடங்குவது கழி, வளைத்துப் பின்னக்கூடியது விளார், இரண்டாகப் பிரிவது கவை.

திணறுவது ஒரு மூட்டில். குறுக்குக் கழியின் முனையை உருளையாகச் செதுக்கி (அதுதான் கழுந்து), நாற்காலிக் காலில் போட்ட துளைக்குள் அடித்து இறக்குகிறோம். கழி நன்றாகக் காய்ந்திருக்கும், காலில் இன்னும் ஈரம் இருக்கும். கால் காயக் காய மூட்டு இறுகும். ஆணி வேண்டாம், பசையும் கட்டாயமில்லை. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதி நாற்காலிக்காரர்கள் கையாண்ட முறை இது.

இப்போதைக்கு "சுருங்குமூட்டு" என்று எழுதிவைத்திருக்கிறோம். "இறுகுமூட்டு" என்றும் ஒரு யோசனை உண்டு. எது பொருந்தும்?

அம்பத்தூரிலிருந்து:

> இப்போதைக்கு "சுருங்குமூட்டு" என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இதை விட்டுவிடுங்கள் ஐயா. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவரைத் தப்பாக வேலை செய்ய வைக்கும். எல்லாம் சேர்ந்து சுருங்கி இறுகிக்கொள்ளும் என்று நினைத்து, கழியையும் பச்சையாகவே செதுக்கி இறக்குவார். சுருங்குவது கழுந்தாக இருந்தால் மூட்டு ஆடும்.

கணக்கைப் பார்ப்போம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. நெடுக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரப்போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் வளையப்போக்கில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆரப்போக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். அது ஒழுங்கான மரம், மற்ற பலவும் அதைவிட மோசம். அடிமரத்திலிருந்து பிளந்தெடுத்த தேக்குக் கழியில் பச்சையாக 16 மி.மீ. கழுந்து செதுக்கினால், நம் ஊர்க் காற்றில் காய்ந்து நிற்கும்போது ஒரு பக்கம் அரை மி.மீட்டரும் மறுபக்கம் கால் மி.மீட்டரும் இளைத்திருக்கும். உட்கார்ந்ததும் கிறீச்சிடும் நாற்காலிக்கு அந்த அரை மி.மீ. போதும்.

துளையும் வட்டமாகவே ஒடுங்குவதில்லை. காலின் நெடுக்கில், அதாவது மேல்கீழாக, துளையின் அளவு அசையாது. குறுக்கே மட்டும் ஒடுங்கி முட்டை வடிவம் எடுக்கும். ஆகவே பக்கவாட்டில் கவ்வுவது கால். மேலும் கீழும் கவ்வ வேண்டியது கழுந்து. காலிலிருந்து ஈரத்தை வாங்கி அது உப்பினால்தான் அந்தப் பிடி கிடைக்கும். உட்காருபவரின் எடையும் பின்னால் சாயும்போது வரும் நெம்பலும் மேல்கீழ் முகங்களில்தான் விழுகின்றன. பாதி வேலையைச் செய்வது உப்பல், பெயரோ சுருக்கத்தை மட்டும் சொல்கிறது.

"இறுகுமூட்டு" பொய் சொல்லவில்லை, ஆனால் எதையும் சொல்லவும் இல்லை. ஆப்பு அடித்த மூட்டும் இறுகும், திருகாணி போட்டதும் இறுகும்.

பெயரில் விளைவு வேண்டாம், நிபந்தனை இருக்கட்டும். கழுந்து காய்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எனவே "உலர்கழுந்து மூட்டு". துளை ஏற்கும் உறுப்பைப் "பச்சைக்கால்" எனலாம்.

ஒரு இணைப்புச் செய்தி. பிளந்த மரத்தில், கழுந்தின் வளையப்போக்கைப் பார்த்துத் திருப்பி இறக்கச் சொல்வார்கள். கிளைக் கழியில் வளையங்களின் நடுப்புள்ளி கழுந்தின் நடுவிலேயே இருப்பதால் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். அந்த விதி கையேட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, நடுப்புள்ளி ஓரம் ஒதுங்கிய கழியை வாங்காதே என்று எழுதுங்கள். கிடையாக வளர்ந்த கிளையின் மேல்பக்கத்தில் இழுவிசை தாங்குவதற்கென்றே ஒருவகைக் கட்டை உருவாகும். அது நெடுக்கிலும் சுருங்குவதால் காயும்போது கழி வில்லாக வளைந்துவிடும்.

திருவான்மியூரிலிருந்து:

உலர்கழுந்துக்கு என் ஓட்டு. ஆனால் விளக்கத்தில் "உலர்" எவ்வளவு என்று எழுதாவிட்டால் சென்னையில் அது வெறும் பெயர்தான்.

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் எத்தனை மாதம் கிடந்தாலும் ஏறத்தாழ 13 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையில் காற்று 80ஐத் தொட்டால் மரம் 16 பக்கம் ஏறும். வெளிநாட்டுக் கையேடுகளில் கழுந்துக்கு 5 முதல் 8 சதவீதம் என்று இருக்கும். அது சூடேற்றிய பெட்டியிலோ சூடான மணலிலோ வைத்துப் பெறுவது. பரணில் ஒரு வருடம் கிடந்த கழி என்பதால் அது உலர்ந்தது ஆகிவிடாது.

செய்யவேண்டியது இது. கழியைப் பட்டை உரித்து நிழலில் காயவிடுங்கள். முனையை 18 மி.மீ. வரை இறக்கி நிறுத்துங்கள். இரும்புச் சட்டியில் சலித்த காய்ந்த மணலை இட்டு, கை பொறுக்காத அளவுக்குச் சூடேற்றி, முனைகளை மட்டும் அதில் புதையுங்கள். அவ்வப்போது வெர்னியரால் அளந்து பார்த்தால், அளவு இறங்குவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதுதான் உலர்கழுந்து. முனை பழுப்பேறினால் தீ அதிகம். கருகிய நார் அடிக்கும்போதே உதிரும். ஆறியபின் கடைசி அளவுக்குச் செதுக்குங்கள்: 16 மி.மீ. துளைக்கு 16.2 முதல் 16.3 வரை. அதே தமரால் காய்ந்த புளியங்கட்டையில் ஒரு துளை போட்டு அதில் முனையைத் திருகிப் பாருங்கள். பளபளப்பு ஏறிய இடம்தான் இன்னும் சீவவேண்டிய இடம். அன்றே மூட்டவேண்டும். முடியாவிட்டால் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் இரவு முழுக்கத் திறந்து கிடந்த கழுந்து காலையில் துளைக்கு அடங்காது.

காலின் ஈரத்தைத் தராசில் பார்க்கலாம். அதே கிளையில் 100 கிராம் துண்டு ஒன்றை நறுக்கி, ஓவனில் 103 டிகிரியில் எடை நிலைக்கும்வரை காயவையுங்கள். 60 கிராமில் நின்றால் நீர் 40 கிராம், காய்ந்த கட்டை 60 கிராம்; ஈரம் 40/60, அதாவது 67 சதவீதம். கால் 1,500 கிராம் என்றால் அதில் கட்டை 900 கிராம். கால் 1,080 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 20 சதவீதம். அப்போது துளை போடலாம்.

சொட்டச் சொட்ட ஈரமான காலில் இறக்கினால் கழுந்து அளவுக்கு மீறி உப்பி, இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். நசுங்கிய நார் பிறகு காயும்போது பழைய பருமனுக்குத் திரும்பாது, முன்பைவிட இளைக்கும். முதல் மாதம் பாறை மாதிரி இருந்த நாற்காலி அடுத்த கோடையில் ஆடத் தொடங்குவதற்கு இதுவே காரணம். ஏசி அறைக்குப் போகும் நாற்காலிக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே மரம் 10 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கும். அப்படிப்பட்ட இடத்துக்குச் செய்வதானால் மணல்சூடு தவிர்க்கமுடியாதது.

சூளையிலிருந்து:

"உலர்" எந்தப் பட்டறையில் புழங்குகிறது? காய்ந்த கட்டை, காயாத கட்டை என்றுதானே பேச்சு. "காய்கழுந்து" என்று வையுங்கள், வாயில் நிற்கும்.

மற்றபடி துளை பற்றி யாரும் பேசவில்லை. 40 மி.மீ. காலில் 28 மி.மீ. ஆழம் போகலாம் என்று நினைத்துத் தமரைச் சுற்றினால் ஊசி பின்பக்கத்தை ஒட்டி வந்துவிடும். தமரின் நுனித்திருகு 8, 10 மி.மீ. முன்னால் ஓடுகிறது. 25இல் நிறுத்துங்கள், தமரில் ஒரு நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் எண்ண வேண்டாம். கழுந்தின் தோள் (கழியின் பருமன் குறையும் விளிம்பு) உட்காரும் இடத்தில் பட்டையை அரையங்குலம் சுற்றிலும் சீவிவிடுங்கள். பட்டைமேல் உட்கார்ந்த தோள், பட்டை காய்ந்து உதிர்ந்ததும் அந்தரத்தில் நிற்கும். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே உயரத்தில் துளை போட்டால் நடுவில் ஒன்றையொன்று வெட்டும். ஒன்றை 20, 25 மி.மீ. மேலே தள்ளுங்கள்.

துளை காலைத் தாண்டி வெளியே வருகிற வகையில் ஆப்பும் அடிப்பதானால், ஆப்பின் வாய் காலின் நெடுக்குக்குக் குறுக்கே, படுக்கையாக இருக்கவேண்டும். நெடுக்கோடு ஒத்து அடித்தால் கால் அங்கேயே பிளக்கும்.

மரம்: காலுக்குச் சவுக்கு நேராகக் கிடைக்கும், ஆனால் வெடிக்கும். நுனிகளில் மெழுகோ பெயிண்டோ பூசிவிட்டுத்தான் காயவிட வேண்டும். பூவரசு கிளை இந்த வேலைக்கென்றே படைத்தது. சீமைக்கருவேலத்தின் முள்ளைப் பொறுத்துக்கொண்டால் அதைப்போல் நிலையான கட்டை கிடையாது, சுருக்கம் அவ்வளவு குறைவு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது போல மரங்கள் தெருவெல்லாம் விழுந்தால் எல்லாவற்றையும் அள்ளத் தோன்றும். மயில்கொன்றையையும் முருங்கையையும் விட்டுவிடுங்கள். வைரம் பாயாத கிளை எதுவானாலும் வெளிக்கட்டையில் மாவுச்சத்து இருக்கும், வண்டு துளைத்துப் பொடியாக்கும். பட்டை உரித்த கையோடு வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து:

> "காய்கழுந்து" என்று வையுங்கள்

வினைத்தொகையாகப் படித்தால் பிழையில்லை. ஆனால் எழுத்தில் பார்ப்பவருக்குப் பிஞ்சு, காய், பழம் என்கிற வரிசைதான் முதலில் தோன்றும். "முற்றாத கழுந்து" என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார். "வற்றல்" என்று வைத்தால் மிளகாய்க் கடைக்குப் போய்விடும். உலர் திராட்சை என்று மளிகைக் கடையில் எழுதிப்போட்டால் எல்லோருக்கும் புரிகிறது, பட்டறையிலும் புரியும். பேச்சில் "காய்ந்த கழுந்து" இருக்கட்டும், தலைப்புச்சொல் உலர்கழுந்து.

மணல்சூடு பற்றித் திருவான்மியூர் நண்பர் எழுதியதில் ஒரு சிறு திருத்தம்: கழியின் நடுப்பகுதி மணலுக்கு வெளியே இருப்பது நல்லதுதான், ஆனால் முனை வெகுவேகமாகக் காய்ந்தால் நடுப்புள்ளியிலிருந்து ஆரமாக வெடிப்பு விழும். 30 மி.மீட்டருக்கு மேல் பருமனான கழி என்றால் இளஞ்சூட்டில் நேரம் எடுத்துக் காயவையுங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, உப்பும்போது மூடிக்கொள்ளும். நகம் நுழையும் வெடிப்பு விழுந்த கழி அடுப்புக்கு.

பெரம்பூரிலிருந்து:

நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

உலர்கழுந்து மூட்டு: 8 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான ஈரத்துக்குக் காயவைத்த கழுந்தை, 20 சதவீதத்தை ஒட்டிய ஈரமுள்ள பச்சைக்காலின் துளையில் இறுக்கி இறக்கும் மூட்டு. கழுந்து உப்புவதாலும் கால் குறுக்கே ஒடுங்குவதாலும் பிடிக்கும்.

வேறு இரண்டு சொற்கள் மீதி. இருபுறமும் பிடியுள்ள, தன் பக்கமாக இழுத்துச் சீவும் கத்திக்கு "இழுப்புளி" என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அழகான சொல், ஆனால் இழைப்புளி பக்கத்திலேயே இருக்கும் பட்டறையில் ஒன்றைக் கேட்டால் மற்றது வரும். "இழுப்புக்கத்தி" என்று எழுதுகிறோம். அந்தக் கத்தியோடு சேர்ந்தது, உட்கார்ந்து காலால் மிதித்தால் ஒரு கட்டை இறங்கிக் கழியைக் கவ்விக்கொள்ளும் பெஞ்சு. உடம்பின் எடையைக் கருவிமேல் வைத்து, இரு கையையும் வேலைக்கு விடுவது அரிவாள்மணையின் ஏற்பாடுதான். அதனால் "மிதிமணை". உட்காரும் உயரம் 45 செ.மீ. என்று போடுகிறோம்.

சூளையிலிருந்து:

மிதிமணை சரி. உயரத்தை எண்ணாகப் போடாமல், உட்காருபவரின் முழங்கால் உயரம் என்று போடுங்கள். மிதிக்கும் கால் முக்கால்வாசி நீண்டிருக்கும்போதே கட்டை கழியைப் பிடித்துவிட வேண்டும். முழுக்க நீட்டித்தான் பிடிக்கிறது என்றால் அழுத்தம் கொடுக்க மிச்சம் இருக்காது. கவ்வும் கட்டையின் அச்சாணிக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று துளை போட்டுவைத்தால், 20 மி.மீ. கழிக்கும் 50 மி.மீ. காலுக்கும் ஆணியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.